திரும்பிப் பார்க்கும் கீப்பர்

யுவஸ்ரீக்கு ஒன்பது வயது நடந்தபோது அவளுடைய அம்மா மாசாணியம்மாள் முதல் தடவையாக வீட்டை விட்டு நடந்து போனாள்.

கோயமுத்தூரை ஒட்டிய சரவணம்பட்டியில் ஒரு லைன் வீட்டின் கடைசி அறையில் அவர்கள் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த யுவஸ்ரீ கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்து, அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் சத்தி ரோட்டுப் பக்கம் ஓடினாள். பாதி எழும்பியிருந்த ஒரு கம்பெனிக் கட்டடத்தின் முன்னால் மணல் குவிந்திருந்தது. அந்தக் குவியலை அம்மா இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"பாப்பா அழுவுது கண்ணு. உள்ளாற எங்கயோ கெடக்குது."

அதற்கு முந்தின வருஷம் மாசாணியம்மாளுக்கு இரண்டாவது பிரசவம் ஆனது. குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அதை அவளுக்குக் காட்டாமலே எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூட அவளிடம் யாரும் சரியாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே குழந்தை அழும் சத்தம் அவள் காதில் கேட்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயிலும் சுவருக்குப் பின்னாலும் கேட்டது. பிறகு தெருவில் கேட்டது. கேட்ட திசையில் எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு காலனியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அது. ஊரில் வாழைத்தோட்டத்திலும் மஞ்சள் காட்டிலும் கூலிக்குப் போனவர்கள், சரவணம்பட்டியில் கம்பெனிக் கட்டடங்கள் முளைத்த நாளில் இங்கே வந்தார்கள். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை, அம்மாவுக்குச் சித்தாள் வேலை. அம்மாவுக்கு இப்படி ஆனதும் அப்பா கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார். மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். அங்கே கொடுத்த மாத்திரை அம்மாவை நாள் முழுக்கத் தூங்க வைத்தது. சமையல் நின்றது, வேலை நின்றது. அப்பா மாத்திரைகளைச் சாக்கடையில் வீசினார். அதற்குப் பிறகு அடிக்க ஆரம்பித்தார். அடித்துவிட்டு அவரே வாசலில் உட்கார்ந்து அழுவார்.

திருப்பூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி ஒரு நாள் கிளம்பினார். முதலில் வாரம் ஒரு தடவை வந்தார். பிறகு நோம்பி, பண்டிகைக்கு மட்டும் வந்தார். பிறகு அவருடைய போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியே இருந்தது. பல்லடத்தில் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துவதாக யாரோ வந்து சொன்னார்கள். அப்போது யுவஸ்ரீ ஏழாம் வகுப்பு. அவரைத் தேடிப் போவதற்கு அவளுக்கு நேரமில்லை. அம்மாவைத் தேடுவதற்கே பொழுது சரியாக இருந்தது.

அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள், குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள். படுக்கும்போது அம்மாவின் சேலை முந்தானையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டாள். பகலில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே அம்மாவைக் கூட்டிப் போனாள். மைதானத்து ஓரத்தில் ஒரு புங்கமரம் இருந்தது. "இங்கயே இரு. அக்கட்ட போயிராத" என்று அதன் நிழலில் உட்கார வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் மரம் தெரியும். தலைமையாசிரியை பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டார். பிள்ளைகள் விடவில்லை. "லூசு புள்ள" என்பதுதான் அந்த வருஷம் யுவஸ்ரீக்குப் பெயர்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஒரு கால்பந்து அணி சேர்க்கப் பார்த்தார்கள். பத்துப் பேர் கிடைத்தார்கள். கீப்பராக நிற்க மட்டும் ஒருத்தியும் வரவில்லை. பந்து முகத்தில் அடிக்கும், கீழே விழ வேண்டும், கோல் போனால் எல்லாரும் திட்டுவார்கள். யுவஸ்ரீ கோல் கம்பத்தைப் பார்த்தாள். அதற்கு நேர் பின்னால் புங்கமரம் இருந்தது.

"நான் நிக்கறனுங்க" என்றாள்.

மற்ற பெண்கள் மைதானம் முழுக்க ஓட வேண்டியிருக்க, அவள் அம்மாவை விட்டு நகராமல் விளையாடக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதற்காகத்தான் கீப்பர் ஆனாள். ஆனால் ஆன பிறகு, பந்து அவள் கைக்குள் வந்து அடங்குகிற நொடியில் அவளுக்குள் ஒரு அமைதி வந்தது. வேறெதிலும் அவளுக்கு அது கிடைத்ததில்லை. வெறுங்காலோடு செம்மண்ணில் விழுந்து விழுந்து முழங்கையும் இடுப்பும் உரிந்தன. ஒரு கண் பந்தின் மேலும் ஒரு கண் மரத்தடியிலுமாக நின்றே பழகியதால், மைதானத்தில் யார் எங்கே நகர்கிறார்கள் என்பது திரும்பாமலே அவளுக்குத் தெரிந்துவிடும். எதிரணிக்காரி உதைப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவாள்.

வெளியூர் ஆட்டங்களுக்கும் அம்மா கூடவே வந்தாள். இடைவேளையில் இரு அணிகளும் பக்கம் மாறும்போது, மற்ற பெண்கள் தண்ணீர் குடிக்கப் போவார்கள். யுவஸ்ரீ அம்மாவின் ஒரு கையைப் பிடித்துக்கொள்வாள். நடுக்கள ஆட்டக்காரி ஹர்ஷிணி இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் மாசாணியம்மாளை எதிர்ப்புறக் கோலுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு வருவார்கள். அணியில் அவளோடு பேசிய முதல் பெண் ஹர்ஷிணிதான். "உங்கம்மா எங்களுக்குப் பன்னெண்டாவது ஆளுடி" என்பாள்.

மாவட்ட அளவில் ஒரு இறுதி ஆட்டம். கல்லூரி மைதானம், நல்ல கூட்டம். எதிரணிக்காரி உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போய் மாசாணியம்மாளின் காலடியில் நின்றது. அவள் அதைக் குனிந்து எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் மூடி, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். நடுவர் விசில் ஊதினார். பந்தை வாங்கப் போன ஒருவரின் கையை அவள் கடித்துவிட்டாள். கூட்டம் சிரித்தது. யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

யுவஸ்ரீ கையுறைகளைக் கழற்றிவிட்டு அம்மாவின் எதிரே மண்டியிட்டாள்.

"குடும்மா. சித்த நேரம் நான் வச்சுக்கறேன். உனக்குக் கை வலிக்கும்."

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பந்தைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். "தலயத் தாங்கிப் புடி கண்ணு. இன்னுங் கழுத்து நிக்கல."

யுவஸ்ரீ ஒரு கையை அடியில் கொடுத்துத் தாங்கியபடியே பந்தை எடுத்து வந்தாள். கோல் முன்னால் புல்லின் மேல் வைத்தாள். அவள்தான் உதைக்க வேண்டும். கால் எழவில்லை. கூட்டம் கத்தியது. ஹர்ஷிணி ஓடி வந்து அந்தப் பந்தை உதைத்தனுப்பினாள்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். மாநில அணிக்கான பயிற்சி முகாமுக்கு யுவஸ்ரீ பெயரும் ஹர்ஷிணி பெயரும் வந்தன. முகாமிலேயே தங்க வேண்டும், வீட்டு ஆட்களுக்கு இடம் கிடையாது. ஹர்ஷிணி போனாள். யுவஸ்ரீ பேருந்து நிலையம் வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் புங்கமரமும் போய்விட்டது. ஒரு ஐடி கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனாள். அங்கே அம்மாவை உட்கார வைக்க இடமில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். கொரோனா வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மாசாணியம்மாள் மட்டும் ஆளில்லாத சத்தி ரோட்டில் நடந்தாள். போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டு, யுவஸ்ரீயைத் திட்டிவிட்டுப் போனார்கள். கேன்டீன் மறுபடி திறந்தபோது பூட்டும் திரும்ப வந்தது. ஒரு நாள் அம்மா ஜன்னல் கண்ணாடியைக் கையாலேயே உடைத்து, மணிக்கட்டு கிழிந்து, ரத்தம் வடியக் கம்பியைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைக்காரர்கள்தான் பூட்டை உடைத்தார்கள்.

வீட்டுக்கார அம்மா மாரியாத்தாள் மறுநாள் காலையில் வந்தாள். மோசமான பெண்மணி இல்லை. கையில் ஒரு போசி நிறையத் தயிர் கொண்டுவந்திருந்தாள்.

"கண்ணு, நாஞ் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காத. நீ பூட்டிப்போட்டுப் போயிர்ற. உள்ளாற கத்தறது ரோட்டு வரைக்குங் கேக்குது. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நாந்தான பதில் சொல்லோணும்?"

"எங்கீங்கக்கா போவேன்?"

"எங்காச்சும் ஹோம்ல சேத்தி உட்ரு. நீ வயசுப்புள்ள. உனக்குன்னு ஒரு பொழப்பு வேண்டாமா? இந்த மாசத்தோட ஊட்டைக் காலி பண்ணிக்க அம்மணி."

யுவஸ்ரீ இரண்டு காப்பகங்களுக்குப் போய்ப் பார்த்தாள். ஒன்றில் இடமில்லை என்றார்கள். இன்னொன்றில் ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில் மொட்டையடித்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் காலில் சங்கிலி கிடந்தது. வாசலிலேயே திரும்பிவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் ஹர்ஷிணி போன் செய்தாள். அவள் அப்போது சென்னையில் ஒரு கிளப்பில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளப்புக்குக் கீப்பர் தேடறாங்கடி. வியாழக்கெழம ட்ரயல். வந்துரு."

"அம்மா?"

"கூட்டிட்டு வா. இங்க பாத்துக்கலாம்."

புதன்கிழமை காலை ரயிலில், முன்பதிவில்லாத பெட்டியில், யுவஸ்ரீ அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். திருப்பூர் தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதன் பிறகு எதிர் இருக்கையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. இந்தத் தடவை அழுகை நிஜம். மாசாணியம்மாள் பாய்ந்து குழந்தையைப் பிடுங்கினாள். தாய் அலறினாள். பிள்ளை பிடிக்கிறவள் என்று யாரோ கத்தினார்கள். நாலைந்து பேர் அவளை அடித்தார்கள். குறுக்கே விழுந்த யுவஸ்ரீக்கும் அடி விழுந்தது. ஈரோடு வந்ததும் இருவரையும் பிளாட்பாரத்தில் தள்ளினார்கள்.

அம்மாவின் உதடு கிழிந்திருந்தது. ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்து முகத்தைத் துடைத்தாள். ரயில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"இங்கயே உக்காந்திரு. தண்ணி புடிச்சுட்டு வாரேன்."

தண்ணீர் பிடிக்கத்தான் போனாள். குழாயடியில் பாட்டிலை நிரப்பினாள். ரயில் ஊதியது, பெட்டிகள் மெல்ல நகர்ந்தன. யுவஸ்ரீ கைப்பிடியைப் பற்றி ஏறிக்கொண்டாள். அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று ஹர்ஷிணி பின்னாளில் கேட்டபோது, "ஒண்ணுமே நெனைக்கலடி. ரெண்டு கையும் காலியா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

ரயில் காவிரிப் பாலத்தில் போயிற்று. கதவோரம் நின்ற அவள் முகத்தில் காற்று அடித்தது. அவள் நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்ததே இல்லை. நாளைக்கு ட்ரயல், நாளன்றைக்கு ஒரு ஹாஸ்டல் கட்டில், யாரையும் தேட வேண்டாம். அந்தச் சந்தோஷம் சங்ககிரி வரைக்கும்கூட நிற்கவில்லை. கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலத்தில் இறங்கி, எதிர்த்திசையில் வந்த ரயிலில் ஏறி ஈரோட்டுக்கு வந்தபோது உச்சிவெயில். பெஞ்சில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

ரயில்வே போலீசில் சொன்னாள். "கூட இருந்த நீ எங்கம்மா போன?" என்று அவர்கள் கேட்டபோது கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். பேருந்து நிலையத்தில் பார்த்தாள். காவிரிக்கரைப் படித்துறைகளில் பார்த்தாள். கோயில் வாசல்களில் கையேந்தி உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைக் குனிந்து குனிந்து பார்த்தாள். ஆஸ்பத்திரிகளில் கேட்டாள். ஒரு தடவை பிணவறைக்குக் கூப்பிட்டார்கள். துணியை விலக்கிக் காட்டினார்கள். அது வேறு யாரோ ஒரு கிழவி.

வியாழக்கிழமை வந்து போனது. ஹர்ஷிணியின் அழைப்புகளை அவள் எடுக்கவில்லை. பேருந்து நிலையத்துப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் எச்சில் இலை எடுக்கும் வேலை பார்த்து அங்கேயே சாப்பிட்டுக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் தெருத்தெருவாகத் தேடினாள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு நாளும், தண்டவாளத்தைத் தாண்டும்போது, ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத்தான் தாண்டினாள்.

கடைசியில் ஓட்டலுக்குச் சாப்பிட வந்த ஒரு சுமை தூக்குகிறவர் சொன்னார். "ஏனுங்கம்மிணி, மஞ்சக் குடோன்ல ஒரு பொம்பள வந்து கெடக்குறாங்க. பேரு ஊரு ஒண்ணுஞ் சொல்றதில்ல. போயிப் பாருங்க."

குடோனுக்குள் எல்லாமே மஞ்சள் தூசி. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மஞ்சளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில், உத்தரத்திலிருந்து ஒரு சேலைத் தூளி தொங்கியது. அதன் அருகே, தலையும் கண்ணிமையும் உதட்டுத் தழும்பும் மஞ்சளாக, மாசாணியம்மாள் உட்கார்ந்து தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமோ ஆச்சரியமோ இல்லை. "சத்தம் போடாத கண்ணு. இப்பத்தான் தூங்குச்சு."

யுவஸ்ரீ மஞ்சள் மூட்டையில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தூளியில் இருந்த குழந்தையின் தாய் இனியா எழுந்து வந்து அவளருகே உட்கார்ந்தாள். அவளும் சின்ன வயதுதான்.

"உங்கம்மாளுங்களா? மொதல்ல பயந்துபோயித் தொரத்தி உட்டோம். மறுக்கா மறுக்கா வந்து தூரத்துலயே நின்னாங்க. ஒரு நாளு இவன் அழுது அழுது நீலம் பாரிச்சுப் போனான். அன்னைக்கு இவிங்கதான் ஆட்டித் தூங்க வச்சாங்க. அப்புறம் போன்னு சொல்ல மனசு வரல. நான் கண்ணு வச்சுட்டேதான் இருப்பேன், ஆனாலும் ஒரு நாளும் தூளிய உட்டுக் குழந்தையத் தூக்குனதில்ல."

"அவிங்களுக்குக் காதுல சத்தம் கேக்குங்க" என்றாள் யுவஸ்ரீ.

"தெரியும். எங்கப்பனுக்கும் அப்பிடித்தான். மாசத்துக்கு ஒரு ஊசி போடறோம். இப்ப ஆடு மேய்க்கப் போறாரு."

இனியாதான் மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவர்களை அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் கோவிந்தராஜுலு வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். எத்தனை வருஷமாக என்று கேட்டார். பத்து வருஷத்துக்கு மேல் என்று யுவஸ்ரீ சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்ப உனக்கு என்ன வயசும்மா?"

"ஒம்போதுங்க."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். "பழையபடி முழுசா ஆயிருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சத்தம் குறையும். ஆனா ஊசிய மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுறக்கூடாது" என்றார்.

சரவணம்பட்டி வீடு காலியாகிவிட்டது. அவர்கள் ஈரோட்டிலேயே தங்கினார்கள். யுவஸ்ரீ அதே குடோனில் மஞ்சள் பிரித்தாள். சில மாதங்களில் அம்மா தானாகக் குளித்தாள், தானாகச் சாப்பிட்டாள், தெருவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சரியாகிக்கொண்டிருப்பதாக யுவஸ்ரீ நினைத்தபோது, ஒரு மத்தியானம் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறத் தொடங்கினாள்.

"பாப்பா அழுவறது நின்னுபோச்சு கண்ணு. சத்தமே இல்ல. செத்துப்போச்சு, என்ற பாப்பா செத்துப்போச்சு."

இத்தனை வருஷமும் அழுதுகொண்டாவது உயிரோடு இருந்த பிள்ளை அவளுக்கு அன்றைக்குத்தான் செத்தது. யுவஸ்ரீ அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாள் கணக்கில் அம்மா எழுந்திருக்கவில்லை. ஊசியை நிறுத்திவிடலாமா என்றுகூட யுவஸ்ரீ யோசித்தாள்.

தெளிவு வர வர மற்றதும் வந்தது. ஒரு காலையில், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த மகளின் கையை அம்மா பிடித்து நிறுத்தினாள்.

"அன்னைக்கு ரயிலுல ஏறி நீ போறதைப் பாத்தேன்."

யுவஸ்ரீ எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தண்ணி புடிக்கப் போனியா, போயிரலாம்னு போனியா?"

"போயிரலாம்னுதாம்மா."

அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த சில நாட்கள் இனியா போட்டுக் கொடுத்த சோற்றைத்தான் தின்றாள். பிறகு ஒரு நாள் யுவஸ்ரீ தட்டில் போட்டதை வாங்கிக்கொண்டாள். அந்தப் பேச்சு மறுபடி அவர்களுக்குள் வரவே இல்லை.

ஹர்ஷிணி தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஈரோடு குடோன் வாசலில் வந்து நின்றவள் யுவஸ்ரீயைக் கண்டதும் முதலில் ஒரு அறை விட்டாள். "செத்துட்டேன்னு நெனச்சேன்டி பாவி" என்று கட்டிக்கொண்டு அழுதாள். கோயமுத்தூரில் கிளப்பின் ஆள் தேர்வு நடக்கப் போகிறது, கோச்சே நேரில் வருகிறார் என்றாள். யுவஸ்ரீ பந்தைத் தொட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குடோன் முற்றத்தில், வேலை முடிந்த சாயங்காலங்களில், இனியாவைத் துணிப்பந்து எறியச் சொல்லி விழுந்து விழுந்து பிடித்தாள். மஞ்சள் மூட்டை தூக்கித் தூக்கி அவள் தோள் உறுதியாகியிருந்தது. ஆனால் கால் முன்போலக் கிளம்பவில்லை.

கிளப்பின் கோச் அப்துல் கையூம் உக்கடத்துக்காரர். முன்னாள் ஆட்டக்காரர், சுள்ளென்று பேசுகிறவர். அவளுடைய வயதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். முகாம் அனுபவம் இல்லை, மாநில அணியில் ஆடவில்லை. இருந்தாலும் கோலில் நிற்க விட்டார். முதல் நாலு பந்தையும் அவள் பிடித்தாள். ஐந்தாவதை உதைக்கும் நேரத்தில் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பந்து அவளைக் கடந்து போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை அதேபோல.

"ஏம்மா, பின்னாடி அப்படி யாரு இருக்காங்க?" என்று கோச் கத்தினார்.

"யாருமில்லீங்க சார்."

"பொறகு எதுக்குத் திரும்பற?"

ஹர்ஷிணி கோச்சை ஓரமாக அழைத்துப் போய் மாசாணியம்மாளைப் பற்றிச் சொன்னாள். அவர் திரும்பி வந்து கோல் கம்பத்தில் கை ஊன்றி நின்றார். "மூணாவது கீப்பரா எடுத்துக்கறேன். ஆட்டம் கிடைக்கும்னு நம்பிக்கிட்டு வராத. திரும்புற ஒவ்வொரு தடவையும் மைதானத்தை ஒரு சுத்து ஓடணும். சம்மதமா?"

"சரிங்க சார்."

சென்னையில் மைதானத்துக்கு அருகே அம்மாவும் மகளும் ஒற்றை அறை எடுத்தார்கள். முதல் லீக் பருவம் முழுக்க அவள் ஓடியதுதான் மிச்சம். உடம்பு சோர்ந்து, எச்சில் வறண்டு, தன்மேலேயே வெறுப்பு வரும் அளவுக்கு ஓடினாள். கழுத்து தானாகத் திரும்பியது. அதை நிறுத்தச் சொல்வது மூச்சை நிறுத்தச் சொல்வது மாதிரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே அந்தப் பருவம் முடிந்தது. ஒரு நிமிஷம்கூடக் களத்தில் இறங்கவில்லை.

அடுத்த பருவத்தில் முதல் கீப்பருக்கு விரல் முறிந்தது. இரண்டாவது கீப்பர் டெங்கு காய்ச்சலில் படுத்தாள். அன்றைய எதிரணி, லீக் பட்டியலில் முதல் இடத்தில் இருந்த அணி. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தபோது, யுவஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். வலைக்குப் பின்னால் விளம்பரப் பலகையும் ஒரு கேமராக்காரரும்தான் இருந்தார்கள். முன்னால் திரும்புவதற்குள் பந்து உள்ளே போயிருந்தது.

அவள் வலையிலிருந்து பந்தை எடுக்கக் குனிந்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. இதோடு முடிந்தது, மறுபடி குடோனுக்குத்தான் என்று நினைத்தாள். ஓடி வந்த ஹர்ஷிணி அவள் ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள்.

"உங்கம்மா ரூம்ல டிவி பாத்துட்டு இருக்காங்கடி. பின்னாடி இல்ல. உனக்கு முன்னாடி கேமரா இருக்குது பாரு, அங்க இருக்காங்க. அங்க பாரு."

அது சரியான யோசனையா என்று யுவஸ்ரீ ஆராயவில்லை. எதிர்ப்பக்கத்துக் கேமராவைப் பார்த்தாள். அதற்கப்புறம் கழுத்து எத்தனையோ தடவை இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். ஆனால் இரண்டாவது கோல் போகவில்லை. கடைசி நேரத்தில் எதிரணிக்காரி உதைப்பதற்கு முன்பே கிளம்பி அவள் காலடியிலிருந்து பந்தைப் பறித்ததைக் கோச் பார்த்தார். அடுத்த ஆட்டத்துக்கும் அவளையே நிறுத்தினார். விரல் சரியாகித் திரும்பி வந்த முதல் கீப்பர் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. பருவத்தின் முடிவில், கிளப் அவளோடு இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டது. போன வருஷம் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கும் கூப்பிட்டார்கள். கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை.

மாசாணியம்மாள் இப்போது வெளியே தனியாகப் போய்க் காய் வாங்கி வருகிறாள். ஊசி போட்ட வாரம் கை நடுங்கும், முகம் இறுகிக்கொள்ளும். சில நாட்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். அந்த நாட்களில் யுவஸ்ரீக்குப் பயிற்சியில் மனம் நிற்காது. வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது எதிர் வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ரயில் ஈரோட்டில் நின்றால் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

சென்ற மாதம் கோழிக்கோட்டில் ஓர் ஆட்டம். மழை, சேறு. அணி மோசமாகத் தோற்றது. உடை மாற்றும் அறையில் எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். யுவஸ்ரீ கையுறையைக்கூடக் கழற்றாமல் கிடந்தபோது போன் அடித்தது. அம்மா.

"சோறு தின்னியா கண்ணு?"

"இனித்தாம்மா."

"டிவில பாதியில கரண்டு போயிருச்சு. எத்தன கோலு உட்ட?"

"மூணு."

"மூணா" என்று அம்மா யோசித்தாள். "சரி, உடு. மழையில நனஞ்ச தலயோட உக்காந்துட்டு இருக்காத. தொவட்டிப்போட்டு, தின்னுபோட்டுப் படு. நாளைக்குச் சுருக்கா வந்துரு, தோசைக்கு ஆட்டி வச்சிருக்கேன்."

"சரிம்மா" என்று யுவஸ்ரீ எழுந்து துண்டைத் தேடினாள்.